போனுக்குக் கொடுத்த கையெழுத்து

“அம்மாவை ஒரே ஒரு தடவை விரலால போடச் சொல்லு. போன் அதை வெச்சுக்கும். அப்புறம் எந்தப் பேப்பர் வந்தாலும் இதையே எடுத்து ஒட்டிக்கலாம்.”

மாப்பிள்ளை இதை என்னிடம் சொல்லவில்லை. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் மகளிடம் சொன்னார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மகளுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இப்படித்தான். மாப்பிள்ளை முன்னால் நான் உட்காருவதில்லை, நேராகப் பேசுவதும் இல்லை. பாதி எங்கள் பக்கத்து வழக்கம், பாதி என் கூச்சம். நான் மூன்றடி தூரத்தில் நின்றாலும் “அத்தை சாப்பிட்டாங்களா?” என்று அவர் மகளைத்தான் கேட்பார்.

எந்தப் பேப்பர் வந்தாலும் என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் வீடு திருத்தணியில் மலைக்குப் போகும் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. வீட்டுக்காரர் போன பிறகு என் பேரில்தான் இருக்கிறது. எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். முன்னறையில் ஒரு பாய் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை அக்ரிமெண்ட் புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் பத்திரம் எழுதுகிறவரிடம் போவோம். அவர் முத்திரைத்தாளில் அடித்துத் தருவார், பக்கத்துக்கு ஒரு கையெழுத்து போடுவேன். அத்தனை ஆண்கள் நடுவில் நிற்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிடும். ஆனால் அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. எத்தனை இடத்தில் போட்டேனோ அத்தனைதான். மீதிக் கையெழுத்து என்னோடு வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தத் தடவை நான் அலைய வேண்டாம், எல்லாம் போனிலேயே முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை. இதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் போன மாதம்தான் என் மகள், “அம்மா, வீட்டுப் பத்திரத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெக்கச் சொன்னாரு” என்று வாங்கிக்கொண்டு போய், எடுத்ததும் திருப்பித் தந்திருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, “சும்மாதாம்மா, ஒரு இதுக்கு” என்றாள். எந்த இதுக்கு என்று இன்றுவரை சொல்லவில்லை. அந்த ஜெராக்ஸையும் இந்தக் கையெழுத்தையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வீடு கைவிட்டுப் போக இந்த இரண்டும் போதும் என்று தோன்றியது.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் வேறொன்று செய்தேன்.

என் பிறந்த வீடு ஆந்திராவில் நகரிப் பக்கம். ஐந்தாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடம். கையெழுத்து போடக் கற்றது தெலுங்கில். தமிழ் எழுத்து கல்யாணமாகி வந்த பிறகு பஸ் போர்டையும் பேப்பரையும் பார்த்து எழுத்துக்கூட்டிக் கற்றது. பேங்கிலும் வீட்டுப் பத்திரத்திலும் பழைய அக்ரிமெண்டுகளிலும் எல்லாவற்றிலும் என் கையெழுத்து தெலுங்குதான். போனில் தமிழில் போட்டுவிட்டால்? நாளைக்கு எந்தப் பத்திரத்தில் கொண்டுபோய் ஒட்டினாலும் ஆபீசர் பழசோடு வைத்துப் பார்ப்பார், செல்லாது என்பார். ஜெராக்ஸில் இருந்தாலும் மாப்பிள்ளை அதைக் கூர்ந்து பார்த்திருக்க மாட்டார்; நான் எந்த மொழியில் கையெழுத்து போடுவேன் என்பது அவருக்குத் தெரியாது. முன்பு பத்திரம் எழுதுகிறவரிடம் என்னோடு வந்தவரும் அவரில்லை. என் மகள் அதைக் கவனித்திருக்கவே மாட்டாள்.

மகள் என் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். வெள்ளையாக ஒரு கட்டம். விரலை வைத்து இழுத்தேன். மண்புழு நெளிந்தது போல வந்தது.

“இன்னாம்மா இது, கோலமா போடற?” என்று மகள் சிரித்தாள்.

“அழிச்சிட்டுத் திரும்பப் போடச் சொல்லு” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

மூன்றாம் தடவை சுமாராக வந்தது. போனை வாங்கிப் பார்த்து “ஆங், இது போதும்” என்றார் மாப்பிள்ளை. எங்கேயோ தட்டினார். என் பெயர் நீல நிறத்தில் போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அக்ரிமெண்டின் மூன்று பக்கத்திலும் அதையே நகர்த்தி நகர்த்தி ஒட்டியதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் எனக்குப் பயம். பாய் வெளியூர் போயிருந்ததால் அவருடைய போனுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் அதை எடுத்துவிடலாம் என்று தேடினேன். தொட்ட இடமெல்லாம் வேறு வேறாகத் திறந்தது. எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. யார் கையிலும் சிக்கக் கூடாது என்று போனைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தேன்.

மறுநாள் கிருத்திகை. காலையிலேயே மலைக்குப் போய்விட்டேன். கூட்டத்தில் சிக்கித் திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது. கடை வாசலில் பாய் கையில் ஸ்பானரோடு நின்றிருந்தார்.

“அம்மா, எங்க போயிருந்தீங்க? எத்தனை தடவை போன் அடிக்கறது? உங்க கையெழுத்தை யாரோ போட்டுக்கினாங்க!”

“இன்னா பாய் சொல்றீங்க?”

“நாலு வருஷமா உங்க கையெழுத்தைப் பார்க்கறேன், தெலுங்குலதானே இருக்கும்? இதுல தமிழ்ல இருக்குது. உங்களைக் கூப்பிட்டா எடுக்கல. உங்க மருமகனைக் கூப்பிட்டு, இது அம்மா போட்டது இல்ல, நீங்களே போட்டுட்டு என்னை மாட்டி விடாதீங்க, நான் இதுல போட மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

உள்ளே ஓடினேன். டிரம்மைத் திறந்து போனை எடுத்தேன். பாய் அடித்தது ஒன்பது தடவை. மகள் அடித்தது ஆறு. நான் கூப்பிட்டதும் வெடித்தாள்.

“அவரைத் திருடன்னு சொல்லிட்டாரும்மா அந்த பாய்! டூட்டியில நாலு பேருக்கு எதிர்ல ஸ்பீக்கர்ல கேட்டுச்சாம். நீதானே போட்ட? சொல்லு!”

“நான்தான் போட்டேன்.”

“அப்புறம் இன்னாத்துக்கு இப்படி?”

போனை வைத்துவிட்டேன். காரணத்தைச் சொன்னால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் பாய்க்கு அவர் திருடன் என்று ஆகிவிடும். வீட்டைக் காப்பாற்றப் போய் மகளின் வாழ்க்கையில் கை வைத்துவிட்டேனோ என்று உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை தனியாக வந்தார். மகள் வரவில்லை. நடுவில் நின்று பேச ஆள் இல்லை. முகத்தைக்கூடக் கழுவாமல் கூடத்தில் நின்றார். நான் பாயையும் உள்ளே வரச் சொன்னேன். கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“பாய், மாப்பிள்ளை மேல தப்பு இல்ல. நான்தான் வேணும்னே தமிழ்ல போட்டேன்.”

பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அல்லா, நான் வேற இன்னென்னமோ பேசிட்டேனே. மனசுல வெச்சுக்காதீங்க சார்” என்றார்.

மாப்பிள்ளை தோளில் இருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு முதல் தடவையாக என்னிடமே கேட்டார். “ஏன் அத்தை? வீட்டை எழுதிக்குவேன்னு நெனச்சீங்களா?”

பொய் சொல்ல வரவில்லை. “பத்திரம் ஜெராக்ஸ் எதுக்கு வாங்கினீங்க?”

“பாய் கடை லைசென்சுக்கு ஓனர் பத்திரம் கேட்டாங்க. அவர்தான் கேட்டார். கேளுங்க.”

“ஆங், நான்தாம்மா கேட்டேன்” என்றார் பாய். “ஆனா இன்னும் என் கைக்கு வரலையே சார்?”

“என் பையிலதான் இருக்குது, மறந்துட்டேன்” என்றார் மாப்பிள்ளை. பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு மாதமாகப் பையிலேயே இருந்ததாம். காகிதம் மடங்காமல் புதிதாக இருந்தது. அதை நான் பார்த்தேன். அக்ரிமெண்டைப் படித்துக் காட்டச் சொன்னேன்.

அன்றைக்குக் கூடத்தில் பாயும் நானும் கேட்க, மாப்பிள்ளை மூன்று பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். “மேலும்”, “மேற்படி” என்று வந்த இடங்களில் எல்லாம் நிறுத்தி, அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். பாய்க்கே பாதி புரியவில்லை. பிறகு மூன்று பக்கத்திலும் தனித்தனியாக விரலால் தெலுங்கில் போட்டேன். எதையும் சேர்த்து வைக்க வேண்டாம், பழையதையும் அழித்துவிடுங்கள் என்றேன்.

“அழிச்சாச்சு, பாருங்க” என்று காட்டினார். அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அழிந்ததா, வேறெங்காவது போய் ஒளிந்துகொண்டதா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அவர் ஒரு வாய் காபி குடிக்காமல் போனார். ஒரு மாதம் வரவில்லை. மகள் பேசினாலும் விறைப்பாகப் பேசினாள். அதற்கு நான்தான் காரணம். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. இப்போது வருகிறார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் “அத்தை” என்று கூப்பிட்டு என்னிடமே கேட்கிறார். நானும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பாயிடம் சொல்லிப் போனுக்கு ஒரு நம்பர் பூட்டு போட்டுக்கொண்டேன். அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நம்பரை நானே அழுத்தினேன். “அவசரத்துக்கு எனக்காவது அதைச் சொல்லி வைம்மா” என்று மகள் வரும்போதெல்லாம் கேட்கிறாள். சொல்கிறேன் சொல்கிறேன் என்கிறேன். இன்னும் சொல்லவில்லை.