பட்டினி நாள்

மீனுக்கு வயிற்றிலும் ருசி தெரியும் என்று தங்கை முதன்முதலில் சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்போ உங்க மாமாவும் அந்த இனந்தான்டி! எதுவுமே வாயில நிக்கறதில்ல, நேரா வயித்துக்குத்தான்."

மீன் வயிற்றின் அந்த ருசியை ஆராய்வதுதான் தங்கையின் பிழைப்பு. ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில் இரண்டு தொட்டிகள், இரண்டிலும் கொடுவா மீன்கள். ஒன்றுக்கு மீன்தூள் தீனி, மற்றதற்குச் சோயா தீனி. மாதக்கணக்கில் வளர்த்த பிறகு இரைப்பையின் உட்சுவரைத் தாள்போலச் சீவி, சாயமேற்றி, ருசியறியும் செல்கள் எந்தத் தீனியால் கூடின, எதனால் குறைந்தன என்று பார்க்க வேண்டும். அறுப்பதற்கு முந்தின நாள் மீன்கள் பட்டினி கிடந்தாக வேண்டும். வயிற்றில் இரை இருந்தால் அந்தச் செல்கள் விழித்துக்கொள்ளும், பார்ப்பதெல்லாம் பொய்யாகிவிடும்.

அன்று பகலில் அறுத்து முடித்தால் அக்கா ஊருக்கு மாலை ரயிலைப் பிடிக்கலாம். விடிந்தால் அக்கா குடும்பத்தோடு வெளிநாடு போகிறாள். அம்மாவும் அப்பாவும் இறந்த பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்ட அவளுக்கிருந்தது அந்த ஒரு வீடுதான்.

முதல் மீனைக் கீறினாள். வயிறு நிறைய ரொட்டித் துணுக்கு.

ஆய்வுக்கூடத்துக் காவலாளி கையைப் பிசைந்தார். "நேத்து நான் போற பக்கமெல்லாம் வந்துச்சுங்கம்மா. நீங்க மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன். பாவம், வாயில்லா ஜீவன்."

"இதுக்கா வாய் இல்ல? எந்தத் தொட்டிக்குண்ணே போட்டீங்க?"

"ரெண்டுக்குந்தான். ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம இருக்கலாமா?"

அவரைத் திட்ட மனம் வரவில்லை. ரொட்டியைக் கழுவிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, ரயிலும் கிடைக்கும். குழாயைத் திறந்துகூட விட்டாள். தண்ணீர் ஓடுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

"நான் வரலக்கா. மீன இன்னும் ஒருநாள் பட்டினி போடணும்."

மறுமுனையில் பெட்டி இழுக்கும் சத்தம் நின்றது. "அதுங்களுக்கு ஒருநாள்தான். உன்ன இனி நான் எப்பப் பாக்கறது?"

"நீதான் லீவுக்கு வருவியே."

"வருவேன், வருவேன்" என்றாள் அக்கா. யாரோ அவளை அவசரமாக அழைத்தார்கள்.

காவலாளியை அனுப்பிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டியருகே காவலுக்கு உட்கார்ந்தாள். அவள் நிழல் தண்ணீரில் விழுந்ததும் மீன்கள் திரண்டு மேலே வந்து வாயைத் திறந்தன. அவை ஏமாற வேண்டாமென்று முக்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டாள்.