இஸ்திரி மேசைத் தண்ணீர்

தையல் கடையில் எல்லோருக்கும் அவள் பொத்தானக்கா. பதினாறு வருஷமாகச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறாள். துணி கிழிந்தாலும் அவள் தைத்த பொத்தான் கழலாது. வாயை மட்டும் அதிகம் திறக்கமாட்டாள்.

ஒரே மகளுக்கு எட்டு வயது. மூன்று வயதிலேயே படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை, திடீரென்று மறுபடி ஆரம்பித்தாள். கொடியில் தினமும் போர்வை. "என்ன, இன்னிக்கும் உங்க வீட்டுல மட்டும் மழையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். பொத்தானக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். நாலு மணிக்கு மேல் பிள்ளைக்குத் தண்ணீர் கிடையாது. பானை மூடியைப் பொத்தான் நூலால் கட்டி, தனக்கு மட்டுமே தெரிந்த முடிச்சைப் போட்டாள்.

முடிச்சு ஒருநாளும் அவிழவில்லை. படுக்கை நனைவதும் நிற்கவில்லை.

பள்ளிவிட்டு மகள் கடைக்கு வந்துதான் உட்காருவாள். ஒருநாள் இஸ்திரிக்காரர் கத்தினார்: "துணியில தெளிக்க வெச்ச தண்ணிய யாருய்யா குடிக்கிறது? பேய்க்குத் தாகமா?"

மகளின் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. எல்லோர் முன்னாலும் பளாரென்று ஓர் அறை. "மானத்த வாங்குறியேடி!"

பிள்ளை அழவில்லை. இஸ்திரிக்காரர் குரல் இறங்கிவிட்டது. "அடிக்காத தங்கச்சி. பாரு, சட்டை ரெண்டாள் போடுற மாதிரி தொங்குது. டாக்டர்கிட்ட காட்டும்மா."

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "நடுவுல நல்லா இருந்து, இப்பதான் ஆரம்பிச்சுதா?"

"அஞ்சு வாரமாம்மா."

"ரொம்ப தாகம்னு சொல்றாளா?"

சிறுநீரைச் சின்னக் கோப்பையில் வாங்கிப் பார்த்தார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தமும் எடுத்தார்கள்.

"சர்க்கரை எக்கச்சக்கமா ஏறியிருக்கு. உடனே சேர்க்கணும். அவ வேணும்னு நனைக்கலம்மா. சர்க்கரை உடம்புத் தண்ணியெல்லாம் இழுத்துட்டு வெளிய போகுது. அதான் தாகம். கேட்டப்பல்லாம் தண்ணி குடுத்தீங்கல்ல?"

"கட்டி வெச்சேம்மா" என்றாள் பொத்தானக்கா. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொல்ல அவளால் முடியவில்லை.

மூன்றாம் நாள், ஊசி மருந்தில் பிள்ளை தெளிந்தாள். நர்ஸ் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தாள். மகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நாலு மணி தாண்டிடுச்சும்மா. குடிக்கலாமா?"

பொத்தானக்கா தலையை மட்டும் ஆட்டினாள். மகள் பாதியைக் குடித்தாள். மீதியைத் தலையணைக்குப் பின்னால், அம்மா கண்ணில் படாதபடி, தள்ளிவைத்தாள்.