பறிபோன ஒரு மணி நேரம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அன்று அறிவியல். காலடிப்பேட்டையிலிருந்து எங்கள் பள்ளிப் பெண்களை அழைத்துக்கொண்டு, தேர்வு மையமாக இருந்த இன்னொரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. வெளியே வந்த கூட்டத்தில் என் வகுப்புப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது.

அவள் கண்ணுக்கு எழுத்துகள் கலைந்துபோகும். ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். ஆனால் காதில் விழுந்ததை மறக்க மாட்டாள். இதயத்தின் எந்த அறையிலிருந்து ரத்தம் எங்கே போகிறது என்று படம் பார்க்காமலே சொல்வாள். ஒன்பதாம் வகுப்பில் நானே அவளைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். எங்கள் தலைமை ஆசிரியைதான் என்னைத் தடுத்தார். ராயபுரத்துக்காரர், கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "சோம்பேறின்னு சொல்லாத மிஸ். அதுக்குப் படிக்கிறதுல கஷ்டம் கீது." கன்டெய்னர் லாரி ஓட்டும் அவள் அப்பாவை லீவு போட வைத்து, ஆஸ்பத்திரிக்கும் கல்வி அலுவலகத்துக்கும் அலைந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆசிரியர், கூடுதலாக ஒரு மணி நேரம் என்று உத்தரவு வந்தது.

"ஏன்டி வந்துட்ட?" என்றேன்.

"எழுதித் தர சார் வந்தாரு மிஸ். ஹால் சார்தான் டைம் ஆயிடுச்சுன்னு பேப்பரை வாங்கிக்கினாரு. எக்ஸ்ட்ரா டைம் கீதுன்னு சொன்னேன். உனக்கு இன்னா ஸ்பெஷலான்னு கேட்டாரு."

நான் உடனே உள்ளே ஓடியிருக்க வேண்டும். வாட்ச்மேன் கேட்டை மறித்ததும் நின்றுவிட்டேன். தலைமை ஆசிரியைக்கு போன் செய்துவிட்டு, கைகட்டிக் காத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவர் வாட்ச்மேனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே போனேன். அன்றைக்கு மட்டும் மாற்றாக வந்திருந்த மையப் பொறுப்பாளர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஆர்டர் எங்க கைக்கு வரலை மேடம். விடைத்தாளைக் கட்டு கட்டி சீல் வெச்சாச்சு."

"இன்னா சார் வரல? அந்த மேஜை மேல கீதே, அது இன்னா?"

கூடுதல் நேர உத்தரவோடு காலையில் வந்த உறை. பிரிக்கவே இல்லை.

"ஒரு பொண்ணுக்காக இவ்வளவு பேஜாரா மேடம்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. தலைமை ஆசிரியை அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடந்ததைப் பொறுப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு மேல்தான் காகிதம் கைக்கு வந்தது. வெளியே மரத்தடியில் அந்தப் பெண் எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

புகார் எழுதினோம். விசாரிக்கிறோம் என்றார்கள். அறிவியலில் ஐந்து மதிப்பெண்ணில் தோற்றாள். கோடை விடுமுறை முழுக்கத் தலைமை ஆசிரியை பள்ளியைத் திறந்து வைத்து, பாடங்களை அவளுக்கு வாசித்துக் காட்டினார். துணைத்தேர்வில் முழு நேரமும் கிடைத்தது. நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள்.

ஆனால் அதற்கு முன்பே தேர்ச்சி குறைந்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு கூட்டம். "இந்த மாதிரிப் பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே டிசி கொடுத்து அனுப்பியிருக்கலாமே?" என்றார் ஓர் அதிகாரி. அத்தனை பள்ளித் தலைமை ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்த அறையில் எங்களவர் மட்டும் எழுந்தார்.

"எங்க சார் அனுப்புறது? கடலுக்கா?"

விளக்கக் கடிதம் கொடுக்கச் சொல்லி அவருக்குத்தான் நோட்டீஸ் வந்தது.

சக ஆசிரியைகள் அவரைத் தெய்வம் என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஓர் உறையைப் பிரித்துப் படிப்பதற்குத் தெய்வம் எதற்கு? இப்போது அவள் எங்களிடமே பதினொன்றாவது படிக்கிறாள். சலுகைக்கு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமாம். போன வாரம் அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். குறைபாடு இன்னும் நீடிக்கிறதா என்று அதில் ஒரு கேள்வி. பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. வேறொரு படிவம் எடுத்து எழுதினேன்.