நடுவட்டம் போகும் வழியில் பாணும் தக்காளியும்

மழைக்காலத்தில் ஊட்டியிலிருந்து கூடலூர் வரை பஸ்ஸில் போகலாமா என்று சென்ற பதிவின் கீழே மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போகலாம். ஆனால் கையில் அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நான் முதன்முதலாக அந்தச் சாலையில் போனபோது அந்த அரை நாள் என்னிடம் இல்லை. அந்தக் கதைதான் இது. நடுவே ஸ்பெயின்காரர்களின் எளிய தின்பண்டம் ஒன்றின் செய்முறையும் வரும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எங்களைப் போன்றவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள். ஹட்டன் பக்கம் பிறந்த நாங்கள், அம்மா, அண்ணன் ராசையா, நான் என்று மூன்று பேர், மண்டபம் முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டுக் குன்னூரில் தெரிந்தவர் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் தங்கியிருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. அண்ணன் நடுவட்டம் பக்கம் எஸ்டேட் வேலை தேடிப் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. வேலை கிடைத்துவிட்டதாக முதல் வாரம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை குன்னூருக்குப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார். அம்மாவுக்கும் எனக்கும் வேலை, தங்க லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீடு. திங்கள் காலை எட்டு மணிக்குள் ஃபேமிலி கார்டோடு ஆபீசில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம் என்பதற்கெல்லாம் இருந்த ஒரே சான்று அந்தக் கார்டு. எஸ்டேட்டில் கேட்பார்கள் என்று அதை அண்ணன் எடுத்துப் போயிருந்தான்.

சனிக்கிழமை காலை 6.10க்குக் குன்னூரில் பஸ் ஏறினேன். 7.10க்கு ஊட்டி. 7.45க்குக் கூடலூர் பஸ். நடுவட்டத்துக்கு டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது பைசா. முப்பத்து மூன்று கிலோமீட்டரில் இருபத்தாறைத் தாண்டியதும் பஸ் நின்றது. சாலையின் குறுக்கே பெரிய கற்பூர மரம் சாய்ந்து கிடந்தது. மணி 9.20. மழை விடவில்லை.

மீதி ஏழு கிலோமீட்டரை நடந்துவிடலாம் என்று இறங்கினேன். கண்டக்டர் பின்னாலேயே வந்தார். "ஏனுங்க, அந்தப் பக்கம் மண்ணு சரியுதுங்க. ஒத்தையில போகாதீங்க" என்றார். திரும்பி வந்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளம்பினேன். மறுபடி திரும்பினேன். மரம் வெட்ட ஆள் எப்போது வரும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பயணிகளெல்லாம் சாலையோர டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் வாசலுக்கும் மரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீயும் வந்திருந்தார். கூடலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஸ்பெயின்காரர், சிஸ்டர் பிலார் என்று பெயர். கூடலூரில் கற்ற தமிழ் என்பதால் மலையாளமும் கலந்திருக்கும். அவர் கடைக்காரரிடம், "பசிக்குது. பான் இருக்கா?" என்று கேட்டார். கடைக்காரர் கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார். சிஸ்டர் தலையாட்டினார். "இது இல்ல. பான்! பான்!" கடைக்காரர் இன்னொரு பன்னை எடுத்தார்.

வாசலில் நின்றிருந்த என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அவங்க பாண் கேக்குறாங்க. அந்த முழு ரொட்டிய."

இலங்கையில் ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் வார்த்தை பாண். குன்னூருக்கு வந்த முதல் வாரம் கடையில் பாண் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். தெருப்பிள்ளைகள் என்னைப் 'பாண்காரி' என்றார்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் வெளியே எடுத்ததில்லை. இப்போது கடை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் பான் சொல்லுமா? மோளே, இங்க இரி!"

உட்கார எனக்கு மனமில்லை. அவர் விடவுமில்லை. ரொட்டியை விரல் தடிமனுக்கு வெட்டி, டீ அடுப்பின் கரித்தணலில் கம்பி வைத்து இரண்டு பக்கமும் சிவக்க வாட்டினார். சூட்டோடு சூடாக ஒரு பல் பூண்டை அதன் மேல் தேய்த்தார். மொறுமொறுப்பான ரொட்டியில் பூண்டு சீவினாற்போலக் கரைந்தது. பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்த பழுத்த நாட்டுத் தக்காளியைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை என் கையில் கொடுத்து, "தேய்" என்றார்.

இருந்த அவசரத்தில் அழுத்தித் தேய்த்தேன். ரொட்டி பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. "பதுக்கெ, பதுக்கெ" என்றார், மெல்லத் தேய்க்கச் சொல்லி. நான்காவது துண்டில்தான் சாறும் விதையும் ரொட்டியில் இறங்கி, தோல் மட்டும் கையில் மிஞ்சியது. மருந்துக்கடையில் வாங்கிய ஆலிவ் எண்ணெய்ச் சீசா ஒன்று அவர் பையில் இருந்தது. அதில் நாலு சொட்டு, மேலே உப்பு. அவ்வளவுதான். 'பான் கொன் தொமாத்தே', தக்காளியோடு பாண், என்று பெயர் சொன்னார். உடனே தின்ன வேண்டும், ஊறினால் ருசி போய்விடும் என்றார்.

முதல் கடி கடிக்கும்போது கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க அம்மிணி, நீங்க சிலோன்காரருங்களா?"

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "ஆமா" என்றேன்.

"போன மாசம் இங்க ஒருத்தரு மரம் வெட்டிட்டிருந்தாருங்க. அவரும் வந்த அன்னிக்கு பாண் இருக்குதான்னுதான் கேட்டாரு. புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்குமுங்க."

எழுந்துவிட்டேன். "வலது புருவமா?"

"ஆமாங்க. ராசையான்னு பேரு. குந்தாவுல கரண்டு வேலைக்கு ஆளெடுக்கறாங்கன்னு போயி ரெண்டு வாரமாச்சுங்க."

நான் போய்க்கொண்டிருந்த திசைக்கு நேர் எதிர் திசையில் இருந்தது குந்தா. மரம் விழாமல் இருந்திருந்தால் ஞாயிறு முழுக்க நடுவட்டத்தில் எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்திருப்பேன். ஊட்டிப் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்த ஒரு காய்கறி லாரியை நோக்கி ஓடினேன். சிஸ்டரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அவர்தான் மழையில் பின்னாலேயே ஓடி வந்து, காகிதத்தில் சுற்றிய இரண்டு துண்டுகளை என் மடியில் போட்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

1.10க்கு ஊட்டி. 2.15க்குக் குந்தா வழியில் போகும் மஞ்சூர் பஸ். 4.20க்கு இறங்கி, விசாரித்து விசாரித்து மூன்று கிலோமீட்டர் நடந்தேன். கால்வாய் ஓரம் அண்ணன் கல் சுமந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கல்லைப் போட்டுவிட்டு, "அம்மா நல்லாதான இருக்கு?" என்றான்.

"ஒரு வரி எழுத முடியலியா ஒனக்கு?"

"வேலை கெடைச்சிருச்சுன்னு எழுதிட்டேன். எட்டாம் நாளே நிப்பாட்டிட்டாங்க. அத எப்படி எழுதுறது?"

கார்டு அவன் இடுப்பில், பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நனையாமல் இருந்தது. ஊறிப்போன ரொட்டித் துண்டுகளை அவனிடம் கொடுத்தேன். என்ன ஏது என்று கேட்காமல் இரண்டையும் தின்றான்.

திங்கள் காலை 7.40க்கு மூவரும் எஸ்டேட் ஆபீசில் நின்றோம். கிளார்க் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணன், "எம் பேர அடிச்சிருங்கய்யா. நான் குந்தாவுக்கே போறேன். இனி லயத்துல இருக்க என்னால ஏலாது" என்றான். அம்மா கிளார்க்கின் பேனாவுக்கு முன்னால் கையை வைத்துவிட்டாள். "பேரு என்ன, சோறா கேக்கப் போவுது? இருந்துட்டுப் போகட்டுங்கய்யா." கிளார்க் பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினார். அடிக்கவில்லை. அண்ணன் மதியப் பஸ்ஸுக்கே போய்விட்டான்.

இப்போது போகிறவர்களுக்கு: ஊட்டியிலிருந்து நடுவட்டம் ஒன்றே கால் மணி நேரம், மஞ்சூர் இரண்டு மணி நேரம். ஜூன், ஜூலையில் மதியத்துக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். வழியில் பஸ் நின்றுவிட்டால் இறங்கிக் கடைக்குள் போங்கள், பேச்சுக் கொடுங்கள். அந்த ரொட்டிக்கு நாட்டுத் தக்காளிதான் நல்லது. பெங்களூர்த் தக்காளியில் தேய்க்கச் சாறு வராது.

இதைக் குந்தாவில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அன்று போனவன் பிறகு இந்த ஊரைவிட்டு நகரவே இல்லை. நான்தான் எங்கும் நிலைத்து இருந்ததில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்று காலையிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டான். 11.30க்கு ஊட்டி பஸ். பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். அவன் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.