வில்பிரட் சாரின் சம்ப் சாவி

பல்லாவரத்துத் தோல் கம்பெனி ஒன்றில் வில்பிரட் சார் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அது ஆறு நாள் பிழைப்பு. ஏழாம் நாள் இரும்புலியூர் சர்ச்சில் ஞாயிறு பள்ளி, அதுதான் அவருக்கு உத்தியோகம். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பதினாறு வருஷமாக அவர் சொல்லிக்கொடுத்தது மொத்தம் இரண்டே விஷயம். ஆண்டவரை நம்பு. உனக்கென்று பதுக்கி வைக்காதே.

மற்ற ஆசிரியர்கள் வசனம் ஒப்பிக்கச் சொல்லி ஸ்டிக்கர் கொடுப்பார்கள். கிளி கூட ஒப்பிக்கும் என்பது வில்பிரட் சாரின் கட்சி. அவர் வகுப்பில் வாரா வாரம் வீட்டுப்பாடம் உண்டு. எதையாவது யாருக்காவது கொடுத்துவிட்டு வந்து, அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக் கொடுத்தேன், தங்கச்சிக்கு முட்டையின் மஞ்சள் கருவைக் கொடுத்தேன் என்று பிள்ளைகள் சொல்லும். மஞ்சள் கரு பிடிக்காத பிள்ளை எது என்று சாருக்குத் தெரியும். "பிடிச்சதைக் குடுத்தாதான் குடுத்தது, உட்காரு" என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டுச் சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு, ஒரு கனத்த பூட்டுப் போட்டிருந்தார். அவர் கழுத்தில் சிலுவை தொங்க வேண்டிய இடத்தில், கறுப்புக் கயிற்றில், அதன் சாவி தொங்கியது. 2004 கோடையில் அந்தத் தெருவில் பூட்டாத சம்ப்பே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர்வெல் போட்ட இடமெல்லாம் வெறும் காற்று வந்தது, தண்ணி லாரிக்காரர்கள் மந்திரிகளைப் போல் நடந்துகொண்டார்கள். ஆனால் பூட்டு வைத்திருந்த மற்றவர்கள் யாரும் ஞாயிறு பள்ளி நடத்தவில்லை.

எதிர்வீடு பொன்னியம்மாள் வீடு. அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர் மாமனாரின் வயல். மனை போட்டபோது கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். அந்தக் கிணறு இருந்தது இப்போது வில்பிரட் சாரின் வீடு நிற்கும் மனையில். சித்திரை மாசம் ஒரு மத்தியானம் பொன்னியம்மாள் குடத்தோடு வந்து நின்றார். மருமகளுக்கு வயிற்றுப்போக்கு, ஒரு குடம் போதும் என்றார். அன்று சம்ப்பில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. பனியனோடு வாசலுக்கு வந்த வில்பிரட் சார், "சாவி எங்கேயோ விழுந்துடுச்சும்மா, தேடிட்டிருக்கேன்" என்றார்.

பொன்னியம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கெடைச்சிடும் சார், பேஜாராவாதீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைய ஜெபத்தில் வில்பிரட் சார் நினைவுக்கு வந்த பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார், இதை மட்டும் விட்டுவிட்டார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவருக்கும் மெர்சிக்கும் ஒரு பையன் பிறந்திருந்தான். மே கடைசி ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பன்னிரண்டு வருஷமாக "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டே மெர்சியை அழவைத்த சொந்தக்காரர்கள் அறுபது பேர் நாசரேத்திலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு வயிறு நிறையப் பிரியாணி போட்டு, கை நிறையத் தண்ணீர் ஊற்றி அனுப்ப வேண்டும் என்பது சாரின் வைராக்கியம். லாரிக்குச் சொல்லி ஒன்பது நாள் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வந்து சம்ப்பைக் கழுத்துவரை நிரப்பியது. அவர் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

அதற்கு முந்தின ஞாயிறுதான் வகுப்பில் பைபிளில் வரும் விதவையின் கதை. பஞ்ச காலத்தில் கடைசிப் பிடி மாவில் அடை சுட்டு, வழியில் வந்த தீர்க்கதரிசிக்குக் கொடுத்துவிடுகிறாள், அதற்குப் பிறகு பானையில் மாவு குறையவே இல்லை. சார் இதை நடித்தே காட்டுவார். இல்லாத பானைக்குள் கையை விட்டு விட்டு எடுப்பார், அவருக்கே கண் கலங்கிவிடும். "உனக்கு ரொம்ப ரொம்பத் தேவைப்படுறதைக் குடு. குறையுதான்னு பாரு" என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஞானஸ்நானப் பாட்டைப் பாடிப் பார்க்க வகுப்புப் பிள்ளைகள் எட்டு பேரும் சார் வீட்டுக்கு வந்தார்கள். பாடி முடிந்ததும் சாருக்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மெர்சி குழந்தையோடு உள்ளே படுத்திருந்தாள். எட்டு பேரில் மூத்தவள் பெனிட்டா, பதினோரு வயசு. சார் கயிற்றைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார்.

"வாசல்ல தண்ணி தெளிச்சுப் பெருக்கிடுங்க. ஒரு வாளி. ஒரே ஒரு வாளி."

கறிக்குச் சொல்லி, அண்டா பிடித்து, சமையல்காரர் துரைராஜையும் கூட்டிக்கொண்டு அவர் திரும்பியபோது மணி ஐந்து. தெரு முழுக்க ஈரம். ஒரு பெண் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நல்லா இருங்க சார்" என்று சொல்லிக்கொண்டு போனாள். வாழ்த்து வாங்கும்படி தான் எதுவும் செய்யவில்லையே என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது. ஓடினார். சம்ப் மூடி திறந்து கிடந்தது. எட்டு பிள்ளைகளும் சுற்றிக் குந்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடியில் ஒரு சாண் தண்ணீர், செம்மண் நிறத்தில்.

"என்னம்மா இது?"

"வீட்டுப்பாடம் சார்" என்றாள் பெனிட்டா. "இன்னைக்கும் தெருவுக்கு லாரி வரலைன்னு எல்லாரும் குடத்தோட நின்னாங்க. எங்க வீட்ல குடுக்கத் தண்ணி இல்ல. உங்களுக்கும் இது ரொம்பத் தேவைதானே சார்?"

"ரொம்ப" என்றார் சார்.

"குறையவே குறையாதுன்னு சொன்னீங்களே."

"குறைஞ்சிருக்கே!"

"நாங்களும் பாத்தோம் சார். பாதி ஆனதும் பயமாயிடுச்சு. நாங்க சரியா நம்பலையோன்னு இன்னும் பத்துக் குடம் குடுத்தோம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வில்பிரட் சார் பதினாறு வருஷம் கத்திய நுணல். கை துறுதுறுத்தது, ஆனால் எட்டு முகங்களும் அவரைப் பார்த்த விதத்தில் குறும்பு துளியும் இல்லை. மிச்சத்தை ஆண்டவர் எப்போது நிரப்புவார் என்று கேட்கும் முகங்கள். திட்டினால் பாடம் பொய். திட்டாவிட்டால் நாளைக்கு விருந்து இல்லை. கடைசியில், "இருட்டப் போகுது, வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

துரைராஜ் சம்ப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "கீற தண்ணிய வடிகட்டி ஆக்கிடலாம் சார். கை கழுவ மட்டும் ஒருத்தரும் கேக்கக்கூடாது" என்றார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு சர்ச் வாட்ச்மேன் ஏசுபாதம் சைக்கிளில் வந்து இறங்கினார். "சர்ச்சுக் கொழாய்ல காத்துதான் வர்து. ஞானஸ்நானத்துக்கு உங்க வூட்லேர்ந்து ஒரு கொடம் நல்ல தண்ணி எட்தாரச் சொன்னாரு போதகரு."

சொந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குச் செம்மண் தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. வில்பிரட் சார் மெர்சியைப் பார்த்தார்.

"எதிர்வீட்டுல கேளுங்க" என்றாள் அவள். "நேத்து அங்க ஆறு குடம் போச்சாம்."

தெருவின் அகலம் பதினைந்தடி. அதைக் கடக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. குடத்தோடு கேட்டுக்கு வெளியே நின்று, கூப்பிட வாயெடுத்து, தொண்டையைச் செருமி, மறுபடி சும்மா நின்றார். பொன்னியம்மாளே பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா சார், கொடத்தோட நின்னுகினு இருக்கீங்க? உள்ள வாங்க."

"ஒரு குடம் தண்ணி வேணும்மா. பையனுக்கு ஞானஸ்நானம்."

"அதுக்கா இம்மாம் நேரம்? குடுங்க இப்டி." குடத்தை வாங்கி, வடிகட்டித் தெளியவைத்திருந்த அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றினார். ஊற்றியபடியே, "சாவி கெடைச்சிடுச்சாமே சார், கொயந்தைங்க சொல்லிச்சி" என்றார். "கெடைச்சா தேங்கா ஒடைக்கிறேன்னு குன்றத்தூர் முருகனுக்கு அன்னிக்கே வேண்டிகினேன். வர்ற கிருத்திகைக்குப் போவணும்."

வில்பிரட் சாருக்கு முகம் எரிந்தது. தனக்காக ஒருத்தி சாமியிடம் கேட்டிருக்கிறாள், அதுவும் ஒரு பொய்க்காக. ஓடிவிடலாம் என்றால் குடம் பொன்னியம்மாள் கையில் இருந்தது. வாழ்க்கையில் இத்தனை வெட்கம் அவர் பட்டதில்லை.

"சாவி தொலையவே இல்லம்மா. நான் பொய் சொன்னேன்."

"தெரியும் சார். பனியன் மேல தொங்கிகினு இருந்துதே."

"அப்புறம் எதுக்கு வேண்டிக்கிட்டீங்க?"

"ஒங்க கண்ணுக்குத் தெரியலியே சார்" என்றார் பொன்னியம்மாள். குடத்தைத் தூக்கி அவர் தோளில் வைத்துவிட்டார். "சிந்தாம எட்துகினு போங்க."

சிந்தாமல்தான் எடுத்துப் போனார். ஒன்பதரை ஆராதனையில் போதகர் அந்தத் தண்ணீரை அள்ளிக் குழந்தையின் தலையில் மூன்று தடவை ஊற்றினார், அவன் கூரை அதிர வீறிட்டான். நாசரேத்துச் சொந்தங்கள் அன்று மத்தியானம் எலுமிச்சைத் தோலில் கையைத் துடைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதைப் பல வருஷம் சொல்லிக் காட்டினார்கள்.

ஆராதனை முடிந்ததும் பெனிட்டா சாரிடம் ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிச் சாவியை நீட்டினாள்.

"சார், வாட்ச்மேன் தாத்தா சொன்னாரு, எதிர்வீட்டுத் தண்ணியாமே. அப்ப அது நம்ம தண்ணிதானே?"

வில்பிரட் சார் சாவியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் சட்டைப் பையில் வைத்தார்.

"இல்லம்மா" என்றார். "அது பொன்னியம்மா தண்ணி. நான் கேட்டேன், குடுத்தாங்க."