செங்கமலத்தின் பேரைச் சொன்னேன்

செங்கமலத்தை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவள் கதையை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெதுருகுப்பம் பக்கத்துக்காரி. ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டில் பிறந்து, வேர்க்கடலை பிடுங்கப் போய், மாந்தோப்பில் காவல் இருந்து, கட்டியவன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு திருப்பதிக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் சமையலுக்கு வந்தவள். பதினோரு வருஷம் அங்கேயே கிடந்தாள். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு, திருத்தித் தரச் சொல்கிற விடுதிப் பள்ளி அது. சில பேர் அதைக் கோயில் என்பார்கள், சில பேர் ஜெயில் என்பார்கள்.

என் பேத்தி அக்ஷயாவை என் மகன் ஹரிபாபு அங்கேதான் சேர்த்தான். பத்தாவது படிக்கிற பெண், வகுப்புக்குப் போகாமல் சிநேகிதிகளோடு சினிமாவுக்குப் போய்விட்டாள், கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பதுதான் குற்றம். பிறந்ததிலிருந்து நான் வளர்த்த பெண். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பார்க்கலாம். முதல் மாதம் கார்வேட்டிநகரத்திலிருந்து களியும் கோழிக்குழம்பும் கட்டிக்கொண்டு போனேன். இரண்டு வாய்தான் தின்றாள்.

“இன்னாடி, அவ்ளோதானா?”

“செங்கமலம்மா இப்பதான் ஊட்டி வுட்டாங்க ஆயா. அவங்க கடலைச் சட்னி துன்னு பாரு, உன்னுதவிட சூப்பரா இருக்கும்.”

ஊட்டிவிட்டாளாம், பதினைந்து வயசுப் பெண்ணுக்கு! சமையற்கட்டு வாசலில் நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என் பேத்தியைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டாம் மாதம் ஹரிபாபுவோடு போனால், அக்ஷயா மொட்டை.

மலைக்குக் கூட்டிப்போய் சாமிக்கு முடி கொடுத்தோம் என்றாள் வார்டன். ஹரிபாபு கன்னத்தில் போட்டுக்கொண்டான். எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கோவிந்தா என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நானும் நம்பினேன். அக்ஷயா துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் டைபாய்டில் கிடந்தபோது அந்த முடியை வேண்டிக்கொண்டவள் நான். என் பக்கத்தில் உட்காரவைத்து எடுக்க வேண்டிய முடி. கூடப் போனது அந்தச் சமையல்காரியாகத்தான் இருக்கும் என்று மனசு அடித்துச் சொன்னது.

நேரே சமையற்கட்டுக்குப் போனேன்.

“ஏம்மே, என் பேத்தி முடியக் குடுக்க நீ யாரு? பெத்தியா, வளத்தியா?”

களி கிண்டிக்கொண்டிருந்தவள் கோலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“பெரீம்மா, மலைக்குப் போய் வந்த தலையில சந்தனம் பூசி இருக்கும். இதுல ரத்தக் காயம்தான் இருக்குது. பாக்கலியா நீ? பொண்ணு சொவுரு ஏறிக் குதிச்சி பஸ் ஸ்டாண்டு வரிக்கும் ஓடிட்ச்சி. புடிச்சி இட்டாந்து, எல்லாப் புள்ளைங்களும் பாக்க இங்கியே சிரைச்சாங்க. நான்தான் ரத்தத்தத் தொடச்சேன்.” குரலைத் தாழ்த்தினாள். “நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத. எனக்குப் போக்கிடம் இல்ல.”

திரும்பி வந்து துப்பட்டாவை விலக்கிப் பார்த்தேன். மூன்று வெட்டு.

“எழுந்துருடா, கொழந்தயக் கூட்டிக்கினு போலாம். இது மலை மொட்ட இல்ல” என்றேன் ஹரிபாபுவிடம்.

“யார்மா சொன்னது உனுக்கு? வாய்க்கு வந்தத பேசாத.”

“செங்கமலம் சொன்னா.”

வார்டன் அவளைக் கூப்பிட்டாள். இல்லை என்று சாதிப்பாள் என நினைத்தேன்.

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றாள் செங்கமலம். எந்தக் கிழமை, யார் பிடித்துக்கொண்டார்கள், யார் சிரைத்தார்கள், எல்லாம் சொன்னாள். ஹரிபாபு முகம் செத்துப்போயிற்று. அப்போதே கையெழுத்துப் போட்டு மகளை அழைத்துக்கொண்டான். வாசலில் அக்ஷயா என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே செங்கமலத்தின் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள்.

இப்போது புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட வருகிறவர்கள் சாப்பிடுகிற ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். பள்ளியைப் பற்றி அதிகாரிகள் விசாரணைக்குக் கூப்பிட்டபோது இரண்டு தரமும் போய்ச் சாட்சி சொன்னாள். பள்ளியை மூடக்கூடாது என்று கத்திய பெற்றோர்கள் அவளைத் திட்டினார்களாம். ஞாயிறானால் அக்ஷயா அவளைப் பார்க்க பஸ் ஏறிவிடுகிறாள்.

போன வாரம் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“ஆயா, அவங்க பேர ஏன் சொன்னே? காயத்தக் காட்டி, நானே பாத்தேன்னு சொல்லி இருக்கலாமே.”

“அவசரத்துல தோணல கண்ணு” என்றேன்.

தோன்றியது. தோன்றித்தான் அவள் பேரைச் சொன்னேன்.