வாழைப்பழத் தோலும் ஒடிந்த பலகையும்

ஆரியசாலையில் ஓர் அரிசி மண்டியில் மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். மூட்டை அடுக்கை அட்டி என்போம். நான் போட்ட அட்டி அசையாது என்று பழவங்காடி வரைக்கும் பேச்சு. பரப்பியதும் நான்தான், பொய்யில்லையே.

ஒரு நாள் அது சரிந்தது. அடியில் பலகை ஒடிந்த சத்தம் கேட்டது, அடுத்த நொடி என் இடது கால் மூட்டைக்குக் கீழே. எலும்பு முறிந்த வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. "எவனும் பாக்கதுக்கு முந்தி அடுக்குங்கடே" என்றேன். கூட்டாளிகள் அந்தப் பலகைமேலேயே அடுக்கிவிட்டுத்தான் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். அங்கே டாக்டரிடமும் வாழைப்பழத் தோல் வழுக்கியது என்றே சொன்னேன்.

கால் கூடியது, சுமக்கும் பலம் கூடவில்லை. முதலாளி கைவிரித்தார். வஞ்சியூர் கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீல் குமஸ்தாவைப் பிடித்தேன். கோட்டைக்குள் அக்கிரகாரத்து மனிதர். அவரிடமும் தோல் கதையையே சொன்னேன்.

"வேலையிலே பட்ட அடின்னா நஷ்டஈடு உண்டு ஓய். தெருவிலே வழுக்கினா உம்ம தலையெழுத்து. எங்கே வழுக்கினீர்?"

"மண்டியிலதான் சாமி."

"சாயா குடிக்கப் போறச்சே ரோட்டிலே வழுக்கினீர்னு முதலாளி சொல்லுவார். ஆஸ்பத்திரிச் சீட்டிலேயும் தோல்தானே இருக்கு?"

என் காலை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அடிபட்டதை யார் பார்த்தது, எத்தனை மாதம் வேலையில்லை, இனி என்ன வேலை முடியும் என்று அடுக்கிக்கொண்டே போனார். நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு இது புது விளையாட்டு. வலி என்னிடம் இருக்க, அதைக் காகிதத்தில் தேடுகிறார்களே. எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். குமஸ்தாவே, "நீர் வக்கீலுக்குப் படிக்கப் போறீரா?" என்றார்.

அவரே மனு எழுதிப் போட்டார். நஷ்டஈட்டு அதிகாரி முன் விசாரணை நாளில் மண்டி ஆட்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். "அண்ணாச்சி, அந்தத் தோலக் கொண்டாந்தியளா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார்.

"தோலு பொய் சார். நான் போட்ட அட்டி சரிஞ்சுது." சிரிப்பு நின்றது. "அடி வரிசைய யாரும் எறக்கதில்ல, பலகை ஒடிஞ்சபடியே கெடக்கும். ஆள விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

அதிகாரியின் சிப்பந்தி மண்டிக்குப் போய் மூட்டைகளை இறக்கவைத்தார். பலகை இரண்டாகக் கிடந்தது. நஷ்டஈடு கிடைத்தது, அதை வைத்துச் சாலைக் கடைத்தெருவில் கடை போட்டேன், இன்று மூன்று கடை.

அன்று தீர்ப்பு எழுதும்போது அதிகாரியிடம் இன்னொன்றும் கேட்டேன். ஒடிந்தது பலகை, அட்டியில் குறையில்லை என்று சேர்க்கச் சொன்னேன். எழுதினார்.